டைரக்டராகப் போற பாப்பாவுக்கு

பாப்பா,

பசியாறிட்டியா? மெல்பர்ன்ல குளிர் ஆரம்பிச்சிருச்சுன்னு அம்மா ரெண்டு நாளா ஸ்வெட்டர் ஸ்வெட்டர்ன்னு உயிர வாங்குறா, அத அவகிட்டயே பேசிக்கோ. எனக்கு வேற விசயம். உங்க யூனி பிரிட்ஜ் சீட்டாட்ட டோர்னமெண்ட்ல நீதான் டைரக்டர், அதாவது தீர்ப்பு சொல்ற ஆளுன்னு மெசேஜ் பாத்ததுலேர்ந்து தலகால் புரியல, கொஞ்சம் பயமும் இருக்கு.

2017 ரூல் புக் முழுசா படிச்சிட்டேன்னு எழுதியிருந்த. சரி, ஆனா டேபிள்ல மனப்பாடமா ஒப்பிக்காத, புக்கத் திறந்து வாசி. நான் டைரக்டரா நிக்கறப்ப இன்னும் அப்படித்தான், சிலர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும், வாசிச்சாதான் தீர்ப்பு புக்கோடது, உன்னோடது இல்லன்னு ரெண்டு பக்கமும் நம்பும். ஹார்ட் போட வேண்டிய எடத்துல, கையில ஹார்ட் வச்சுக்கிட்டே வேற சீட்டு போட்டாங்களா, எதிர்ப்பக்கத்துக்கு ஒரு ட்ரிக்கா (ஒரு சுத்து சீட்டு) ரெண்டு ட்ரிக்கான்னு எண்ணிக் குடுத்துட்டுப் போயிடலாம். ஆட்டத்தோட மொதல் சீட்ட எதிர்ப்பக்கத்துல முறை இல்லாத ஆள் போட்டுட்டா, ஏலத்துல ஜெயிச்சு ஆடுற டிக்ளேரருக்கு அஞ்சு வழி இருக்கு, அஞ்சையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரையும் சீட்டத் தொட விடாத.

கஷ்டம் எங்கன்னா யோசிக்கிறதுலதான். ஏலம் கேக்கறப்ப ஒருத்தர் ரொம்ப நேரம் முழிச்சிட்டு பாஸ் போடுவார், அவர் பார்ட்னர் கையில ஒண்ணுமே இல்லாம மூணு ஸ்பேட்ன்னு ஏத்துவார், உடனே எதிர்க்கட்சி கத்தும். யோசிக்கிறது தப்பே இல்ல, அத வச்சு பார்ட்னர் முடிவெடுக்கறதுதான் தப்பு. மொதல்ல நாலு பேர்கிட்டயும் லேட்டாச்சா, ஒத்துக்கிறீங்களான்னு கேளு, ஆட்டம் முடியட்டும். அப்புறம் அதே லெவல் ஆளுங்க நாலஞ்சு பேர்கிட்ட அந்தக் கைய மட்டும் காட்டு, யோசிச்ச கதையச் சொல்லாத, நீங்கன்னா என்ன போடுவீங்கன்னு கேளு. பாஸ் போடுவேன்னு சிலர் சொன்னா அந்த மூணு ஸ்பேட் ஏலம் செல்லாது, ஸ்கோர மாத்திடு. யாராவது "சீட்டிங்"ன்னு வாய விட்டா அங்கயே நிறுத்து. 2015ல உலக லெவல் ஜோடிங்க மாட்டுனப்பகூட வீடியோவ உக்காந்து பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க, டேபிள்ல சத்தம் போட்டு இல்ல.

ஆனா வாய்க்கு தீர்ப்பு சொல்றதுதான் எனக்கு வரவே இல்ல. நம்ம புளோக் அங்கிள உனக்குத் தெரியும், எனக்கு இந்த ஆட்டத்தக் கத்துக் குடுத்தவரே அவருதான், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல நம்ம சிங்கப்பூர் ஆண்கள் பிரிட்ஜ் டீம் தங்கம் வாங்குனப்ப எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் குடுத்தாரே. ஒரு சனிக்கிழமை புதுசா வந்த ஒரு பொண்ணு கைய தூக்கி டைரக்டர்ன்னு கூப்பிட்டுச்சு, கரெக்டாத்தான் கூப்பிட்டுச்சு. இவரு "வந்து நாலு வாரம் ஆகல, அதுக்குள்ள புகாரா"ன்னு எகிறிட்டாரு. நான் போனேன், ட்ரிக்க எண்ணுனேன், அந்தப் பொண்ணு பக்கம் தீர்ப்பும் சொன்னேன், அவரு வாயப் பத்தி ஒரு வார்த்த பேசல, பெரியவராச்சேன்னு. அடுத்த வாரம் அது வரல. அதுக்கப்புறமும் வரல. நம்பர்கூட வாங்கி வைக்கல நான்.

ரெண்டு மாசம் கழிச்சு அதே அங்கிள் சொந்த பார்ட்னர் மேல சத்தம் போட்டு, மேசைய ஓங்கிக் குத்துனாரு. இந்தத் தடவ வெளிய காரிடாருக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு மூச்சு நிதானத்துக்கு வர்ற வரைக்கும் நின்னுட்டு, 91வது ரூல் படி பாயிண்ட் வெட்டுனேன். இந்த ரூல்ல டைரக்டர் போட்ட தண்டனைய அப்பீல் கமிட்டியே ரத்து பண்ண முடியாது, மறுபடி யோசிங்கன்னு சொல்லத்தான் முடியும். அதனால கோவத்துல போட்டுடாத பாப்பா, தண்ணி குடிச்சிட்டு வந்து போடு. எல்லார் முன்னாடியும் போடாத. ஆனா போடாம விட்றாத.

"நான் சொல்லிக் குடுத்தத எனக்கே சொல்றியா"ன்னாரு. அதோட பேச்சு நின்னுச்சு, கோப்பிக் கடைல பாத்தா டேபிள் மாறி உக்காருவாரு, அம்மாகூட கேட்டா, ஒரு சீட்டு ஆட்டத்துக்காகவான்னு. என்ன சொல்றது.

போன வாரம் லிஃப்ட்ல நாங்க ரெண்டு பேர் மட்டும். ரெண்டு மாடி வரைக்கும் நம்பரையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் "பொண்ணு டைரக்டராமே"ன்னாரு. ஆமாண்ணேன்னு சொன்னேன். "ரூல் புக்க வாசிக்கச் சொல்லு, ஒப்பிக்க வேணாம்"ன்னுட்டு ஏழாவது மாடியில இறங்கிட்டாரு.

முடிஞ்சதும் கூப்பிடு, அங்க ரெண்டு மணி நேரம் முன்னாடிதானே, எனக்கு லேட் ஆகாது.

அப்பா