வேலையை விட்டு நின்றவர்களையும் தேடுங்கள்

பனியன் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆய்வு செய்யத் திருப்பூர் வரும் பேராசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் பனியன் கம்பெனிகளில் டைம் ஆபீஸ், அதாவது ஆட்களின் வருகைக் கணக்கு, பார்த்தவன். உங்களைப் போன்றவர்கள் கேள்வித்தாளோடு வரும்போது உள்ளே இருந்து ஆட்களை அனுப்பி வைத்ததும் நான்தான்.

யாரை அனுப்புவோம் தெரியுமா? எழுந்து வந்தால் தையல் லைன் நிற்காதவர்களை. ஓவர்லாக் டெய்லரை எழுப்பினால் பின்னால் இருப்பவர்களுக்குப் பீஸ் போகாது. அதனால் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் ஆட்களும், கூட நின்று உதவும் கைமடி ஆட்களும்தான் அதிகம் வருவார்கள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்பார். இடுப்பு வலி உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். "அதெல்லாம் இல்லீங்க சார்." அதையும் எழுதிக்கொள்வீர்கள்.

சரி, சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டே கேட்டாலும் வலி தாங்காதவர் அந்த வரிசையில் இருக்க மாட்டார். அவர் முன்பே வேலையை விட்டு நின்றிருப்பார். உடம்பு ஒத்துழைக்கிறவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் இடத்தில் போய், வேலை உடம்பைக் கெடுக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? இங்கிலாந்தில் வில்லியம் ஓகல் என்ற மருத்துவர் 1885இலேயே, தொழில்வாரி மரணக் கணக்குகளைப் பார்க்கும்போது இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இது எனக்குத் தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் கம்பெனி கேட்டுக்குள்ளேயே ஆய்வை முடித்துக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை.

நின்றவர்களின் கதை ரெஜிஸ்டரில் கிடைக்காது. 'சொந்தக் காரணம்' என்று எழுதி மூடிவிடுவோம். உண்மையில் கழுத்து வலி, கால் வீக்கம், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு போய் அப்புறம் சமைக்க வேண்டியிருப்பது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றது. அந்தக் கணக்கில் 12 மணி நேர ஒன்றரை ஷிப்டுக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். நான் இருந்த இடங்களில் ஒன்றரைதான் கொடுத்தார்கள். சம்பளம் போதாததால்தான் ஒன்றரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்டால்தான் உடம்பு போகிறது. ஆகவே வலியை மட்டும் கேட்டுவிட்டுச் சம்பளத்தைக் கேட்காமல் போகாதீர்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கம், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் தூக்கலாகத் தெரியும். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950களில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர், திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்று தனியாகவே விசாரித்து நோயின் படிநிலைகளை வகுத்தார். எங்கள் ஊரிலோ ஷிப்மெண்ட் நெருக்கடியில் உங்களை யாரும் உள்ளே விட மாட்டார்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அனுமதி கிடைக்கும். அப்போது எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருப்பார்கள்.

இதையெல்லாம் சும்மா சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இன்னொரு முறை அப்படி ஒன்று வந்தால், 'தொழிலாளர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை' என்ற உங்கள் அறிக்கைதான் மேசைக்கு வரும்.

நின்றவர்களைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பலர் அதே லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள், வீட்டிலேயே பிசிறு வெட்டிக்கொண்டு. சிலர் தேனி, திண்டுக்கல் பக்கம் திரும்பிவிட்டார்கள், அவர்களுடைய போன் நம்பர் பழைய கூட்டாளிகளிடம் இருக்கும். ஒடிசா, பீகார் ஆட்களைத் தேடுவதுதான் சிரமம், அதற்கு அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். தொழிற்சங்கங்களிடம் கேளுங்கள், உதவுவார்கள்.

ஞாயிறு காலை மட்டும் வேண்டாம். கறி எடுப்பது, துணி துவைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், உட்கார்ந்து பேசுவார்கள்.

இப்படிக்கு,
பழைய டைம் ஆபீஸ்காரன்,
திருப்பூர்