மேபெரிக்குப் போய்வந்தேன், ரங்கா

சார்லட்
அக்டோபர் முதல் வாரம்

ரங்கா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. திட்டுவதென்றால் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். சர்க்கரை நான் சொன்னபடி கேட்கிறது, பெண்தான் கேட்பதில்லை. கமலாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது, "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே.

சரி, விஷயம் இதுதான். நான் மேபெரி டேஸ் என்ற விழாவுக்குப் போய்வந்தேன். ஆமாம், அதே கறுப்பு வெள்ளை சீரியல்தான். இங்கே வந்த புதிதில் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துவிட்டு உனக்குப் பக்கம் பக்கமாகக் கதை எழுதுவேனே, நீயும் "அமெரிக்கா போயும் பஞ்சாயத்து டிவியா?" என்று கேட்டாயே, அந்த 'ஆண்டி கிரிஃபித் ஷோ'. மேபெரி என்ற கற்பனை ஊரில் நடக்கிற கதை. 1960-இல் ஆரம்பித்து 1968 வரை 249 எபிசோட். இடுப்பில் துப்பாக்கியே கட்டாத ஷெரீஃப் ஆண்டி, ஒரே ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊரையே காப்பதாக நினைத்துக்கொள்ளும் உதவி ஷெரீஃப் பார்னி, குடித்துவிட்டு வந்து சுவரில் தொங்கும் சாவியை எடுத்துத் தானே லாக்கப்பைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் ஓட்டிஸ். ஓட்டிஸைப் பார்த்தால் எனக்கு யார் ஞாபகம் வரும் என்று உனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன், அவருடைய பேரன் இப்போது வக்கீல்.

விழா நடப்பது மவுண்ட் ஏரி என்ற சின்ன ஊரில். எங்கள் வட கரோலினாவிலேயேதான், வர்ஜீனியா எல்லையை ஒட்டி. ஷெரீஃப் ஆண்டியாக நடித்த ஆண்டி கிரிஃபித் பிறந்த ஊர் என்பதால் 1990-லிருந்து வருஷா வருஷம் செப்டம்பரில் நடத்துகிறார்கள். மெயின் ஸ்ட்ரீட் முழுக்கப் பார்னிகள், ரங்கா! ஒல்லிப் பார்னி, தொப்பைப் பார்னி, ஒரு பெண் பார்னி. கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்த பழைய ஃபோர்டு கேலக்ஸி போலீஸ் கார்களில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்கு ஒரு வரிசை. 1923-இல் திறந்த ஸ்நாப்பி லன்ச்சில் பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு அதைவிட நீள வரிசை. உன் அண்ணி அந்தக் கடை வாசலிலேயே நின்றுகொண்டு "இதற்கா ஒன்றரை மணி நேரம் காரில் வந்தோம்?" என்ற முகத்தோடு வாழைப்பழம் சாப்பிட்டாள். ஆனால் அவளேதான் அப்புறம் அணிவகுப்பு முடிகிறவரை நகரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது வினாடி வினாப் போட்டிதான். எந்த எபிசோடில் பீ அத்தை போட்ட ஊறுகாய் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது என்பதெல்லாம் அங்கே குழந்தைக் கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் முடிதிருத்தும் ஃபிளாய்டைப் பற்றிச் சொன்னார். அந்த வேஷம் போட்ட ஹோவர்ட் மெக்நியருக்கு நடுவில் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்துபோய், ஒரு வருஷத்துக்கு மேல் வரவே இல்லை. திரும்ப அழைத்துவந்து, உட்கார்ந்தபடியே நடிக்க வைத்தார்கள், நிற்க வேண்டிய காட்சிகளுக்கு அவர் சாய்ந்துகொள்ளத் தனியாக ஒரு தாங்கி செய்து கொடுத்தார்களாம். நான் எத்தனையோ முறை பார்த்த காட்சிகள், ஒருநாளும் கண்ணில் படவில்லை. மேபெரி என்று ஒரு ஊர் எங்காவது இருந்திருந்தால் அது அந்த ஷூட்டிங் நடந்த இடத்தில்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்த இடமோ கலிஃபோர்னியாவில்! சீரியல் தொடக்கத்தில் அப்பாவும் பிள்ளையும் தூண்டிலோடு நடந்து வருவார்களே, சீட்டி அடிக்கும் பாட்டோடு, அதுகூட லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கத்தில் எடுத்தது. மேபெரி எங்கள் மவுண்ட் ஏரி இல்லை என்று ஆண்டியே பல காலம் மறுத்து வந்தார். ஊர் கேட்டால்தானே. ஆலைகள் மூடிய பிறகு அந்த ஊருக்குச் சோறு போடுவதே மேபெரிதான்.

இப்போது ஏன் உனக்கு இதை எழுதுகிறேன் என்றால், அடையாறு ஃப்ளாட்டை விற்றுவிட்டு ஊரோடு போய்விடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான்.

பீ அத்தையாக நடித்த ஃபிரான்சிஸ் பேவியர், நியூயார்க்கில் பிறந்தவர். நடிப்பை விட்டதும் இந்த மாநிலத்தை நம்பி சைலர் சிட்டி என்ற சிற்றூருக்கு வந்து குடியேறினார். கடைசியில் யாரோடும் சேராமல், பூனைகளோடு வீட்டுக்குள்ளேயே இருந்து 1989-இல் போய்ச் சேர்ந்தார். பார்னியின் காதலி தெல்மா லூ, அதாவது பெட்டி லின், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் திருட்டுப் போனது என்று பயந்து 2007-இல் மவுண்ட் ஏரிக்கே வந்துவிட்டார். 2010-இல் அங்கேயே ஒருவன் அவருடைய பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்! ஆனால் அந்த அம்மாள் ஊரை விட்டுப் போகவில்லை. மியூசியத்தில் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, 2021-இல் சாகும்வரை, 95 வயது வரை, அங்கேயே இருந்தார். நீ இவர்களில் யார் மாதிரி ஆவாய் என்று எனக்குத் தெரியவில்லை. கமலா எப்படி ஆவாள் என்று உனக்காவது தெரியுமா? கேட்டாயா?

இன்னொன்று, இதை விளையாட்டாக எழுதவில்லை. மவுண்ட் ஏரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் கிரீன்ஸ்பரோ. அங்கேதான் 1960 பிப்ரவரியில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் பரிமாறும் உணவு மேசையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் இந்த சீரியல் ஆரம்பித்தது. 249 எபிசோடில் கறுப்பர் ஒருவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வசனம் கிடைத்தது ஒரே ஒன்றில், அதுவும் 1967-இல். இத்தனை காலம் பார்த்தவன் நான், யார் அந்தத் தெருவில் நடக்கவே இல்லை என்று விழாக் கூட்டத்தில் நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தேன். கூட்டத்தில் பெரும்பாலும் நரைத்த வெள்ளைத் தலைகள். நானும் உன் அண்ணியும் தனியாகத் தெரிந்தோம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, எல்லாரும் அவ்வளவு அன்பு. அதனால்தான் யோசனை இன்னும் கூடியது.

ஏனென்றால் நீ எழுதியிருக்கிறாய், "அந்தக் காலத்தில் ஊரே ஒரு வீடு மாதிரி இருந்தது" என்று. ரங்கா, நம் கூட்டாளி மாரி எங்கள் வீட்டில் திண்ணை வரைதான் வந்திருக்கிறான். உங்கள் வீட்டில் திண்ணைக்குக்கூட இல்லை, வேப்பமரத்தடியில் நின்று உன்னைக் கூப்பிடுவான், நீ ஓடிவருவாய். பஞ்சாயத்து டிவியில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கும்போது அவன் எங்கே நின்றான் என்று ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினான். ஊர்ப் பேச்சை எடுத்தேன், பேரனுக்குக் கிரிக்கெட் கோச்சிங் சேர்த்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

போகாதே என்று சொல்லவில்லை. எனக்கும் ஆசை உண்டு, சீரியலையும் நான் விடப் போவதில்லை, நேற்றுகூட ஒன்று பார்த்தேன். ஆனால் ஃப்ளாட்டை விற்காதே. வாடகைக்கு விட்டுவிட்டு ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து வருகிற மாதிரி ஆறு மாதம் இருந்து பார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வண்டி கிடைக்கிறதா என்று ஒருமுறை சும்மாவாவது போய்ப் பார். கமலாவிடம் நீ கேட்காதே, நீ கேட்டால் உனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள், உன் மருமகளை விட்டுக் கேட்கச் சொல்.

ஜனவரியில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறேன், அதில் போலீஸ் தொப்பியோடு நிற்பது நான்தான். ஸ்கூல் குரூப்பில் போட்டாயானால் நீ 1979-இல் மேடையில் பாடிய வீடியோ இல்லையே என்று நான் வருத்தப்பட வேண்டியிருக்காது, வாயாலேயே நடித்துக் காட்டிவிடுவேன்.

உன்,
சேது