செயலி போனாலும் குறிப்பு நிற்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறிப்பு எழுத உதவும் செயலிகளைப் பற்றி உங்கள் இளைஞர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எது இலவசம், எதில் என்ன வசதி என்றெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதியதை அந்தச் செயலி இல்லாமலே திறக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் விடுபட்டுவிட்டது. புதுக்கோட்டையில் டி.டி.பி. (கணினித் தட்டச்சு, அச்சுக்கோப்பு) நிலையம் நடத்தும் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

தலவரலாறு, குடும்ப வரலாறு, கவிதை என்று பழைய சி.டி.யோடு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். எந்தப் பழைய எழுத்துரு முறை, பாமினியா, டாமா, டாபா, திஸ்கியா என்று கண்டுபிடித்து எழுத்துரு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எந்த எழுத்துரு என்றே தெரியாவிட்டால் அச்சுப்பிரதியை வைத்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். அதுவும் கையில் இல்லை என்று நிற்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்வது மிகவும் கஷ்டம்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடு பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. 2010-இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. இன்று நோட்பேடில் தமிழில் எழுதிச் சேமித்தால் கைப்பேசியிலும் லினக்ஸிலும் அப்படியே படிக்கலாம். முன்பெல்லாம் நோட்பேடு, தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்துத் தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யுனிகோடில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறை தானாகவே அமைந்துவிடுகிறது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் சேமிக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எழுத்துருவில் பட்ட பாட்டைச் செயலியிலும் ஏன் பட வேண்டும்? எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வைத்தது. கூகுள் நோட்புக் என்ற குறிப்புச் சேவை 2012-இல் மூடப்பட்டது. கூகுள் அந்தக் குறிப்புகளை டாக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது, சரி. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரும்பலகைப் படம், குரல் பதிவு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருத்தும் பட்டியல் இதற்கெல்லாம் செயலிதான் வசதி. ஆனால் தேர்வுக் குறிப்பு, ஆய்வுத் தகவல், பாட்டி பாடிய தாலாட்டு, இவையெல்லாம் வெறும் உரைக் கோப்பாக இருக்கட்டும். செயலிதான் பழக்கம் என்பவர்களுக்கு அப்சிடியன் மாதிரி ஒன்று ஏற்றது. அது எழுதுவதை மார்க்டவுன் என்ற சாதாரண உரைக் கோப்பாக நம் கணினியிலேயே வைக்கிறது. செயலியை நீக்கினாலும் கோப்பு இருக்கும். நோஷன் என்ற செயலி குறிப்புகளைத் தன் சர்வரில் வைக்கிறது. ஏற்றுமதி வசதி அதிலும் உண்டு, அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உரைக் கோப்புக்கும் பென்டிரைவில் ஒரு நகல் அவசியம். கைப்பேசி தொலைந்தால் அதிலுள்ள உரைக் கோப்பும் சேர்ந்துதான் போகும்.

அடுத்த முறை இப்படி ஒப்பீட்டு அட்டவணை போடும்போது, "குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா, எந்த வடிவில்?" என்று ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். விலைக்கு முன்னால் அதைப் போட்டால் இன்னும் நல்லது.

– டி.டி.பி. நிலைய உரிமையாளர், புதுக்கோட்டை