பீன்ஸுக்கு எருவா, மூட்டை உரமா? மாப்ளைக்கு ஒரு லெட்டர்

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சியும் புள்ளைங்களும் சௌக்கியமா. உன் லெட்டர் போன வாரமே வந்துருச்சு, உடனே எழுதணும்னுதான் நெனச்சேன், ஆனா பண்ணைக்காட்டுல விடாத மழை, அது விட்டதும் காப்பிப் பழம் பறிக்க ஆள் தேடி அலையுற வேலை, அதுல தள்ளிப் போயிருச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப கண்ணாடி போடாமயே மிளகுல கல்லு பொறுக்குறாங்க. மக பெரியகுளம் தோட்டக்கலை காலேஜ்ல படிக்கிறா, லீவுக்கு வந்தா எங்கூடவே தோட்டத்துக்கு வந்து ஒவ்வொரு செடியையும் புடுங்கிப் பாத்து கேள்வி கேக்குறா, நான் கீழ எழுதப் போறதுல பாதி அவளும் நானும் பேசிக்கிட்டதுதான்.

ஓசூர்ல இத்தன வருஷம் ஷிப்டு பாத்துட்டு கடைசில தளிப் பக்கம் நெலம் வாங்கிட்டன்னு படிச்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுடா. பீன்ஸ் போடப் போறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெதைக்கும்போதே டிஏபி போடு, பின்னாடி யூரியா ரெண்டு தடவை போடுன்னு சொல்றாரு, பையன் வீடியோ பாத்துட்டு ரசாயன உர மூட்டையே உள்ள வரக்கூடாதுன்னு நிக்கிறான், நீ என்ன சொல்றன்னு கேட்டிருந்த. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிப் பாதி சரி இருக்கு. எந்தப் பாதின்னு சொல்லணும்னா பீன்ஸ் செடியோட வேர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முட்டைக்கோசு, உருளை மாதிரி இல்லடா பீன்ஸ், அது பயறு சாதி. வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், அதுக்குள்ள ரைசோபியம்னு ஒரு பாக்டீரியா ஒக்காந்துக்கிட்டு காத்துல இருக்குற தழைச்சத்த, அதாவது நைட்ரஜன, புடிச்சு செடிக்குக் குடுக்கும், செடி அதுக்கு சர்க்கரை குடுக்கும். நீ வெதைச்சு பூ எடுக்குற நேரத்துல ஒரு செடியப் பாரு, கையால இழுக்காத, முடிச்செல்லாம் மண்ணுலயே நின்னுரும், மம்பட்டியால மண்ணோட கெல்லி எடுத்து ஒரு வாளித் தண்ணில மெதுவா அலசு. முடிச்சுல ஒண்ண எடுத்து நகத்தால கிள்ளிப் பாரு. உள்ள ரத்தம் மாதிரி செவப்பா இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா சும்மா இருக்குதுன்னு அர்த்தம். எங்க மேல்வரப்புல எரு மட்டும் போட்ட பாத்தில செடிய எடுத்தா வேர் பூரா முடிச்சு, கிள்ளுனா வெரல் நுனில செவப்பு ஒட்டும். பக்கத்துல யூரியா ரெண்டு தடவை போட்ட தோட்டத்துல எடுத்துப் பாத்தா இலை கையகலத்துக்கு கரும்பச்சையா இருக்கு, வேர்ல முடிச்சத் தேடணும். வீட்ல சோறு தயாரா இருந்தா யாருடா உலை வைக்கப் போறா, யூரியாவுல தழைச்சத்து சும்மா கெடைச்சா செடி அந்த பாக்டீரியாவுக்கு சர்க்கரை குடுக்குறத நிறுத்திக்கும். அதோட நிக்காது, தழைச்சத்து கூடிப்போனா செடி இலையா விட்டுக்கிட்டே போவும், பூ பிந்தும், அந்த இளசான தண்டுக்கு அசுவினிப் பூச்சி எங்கிருந்துதான் வருமோ வந்து அப்பிக்கும், அதுக்கு மருந்து அடிக்க வேற செலவு. அதனால பீன்ஸுக்கு மேலுரமா, அதாவது செடி வளந்தப்புறம், யூரியாவ அள்ளிப் போடுறது சரியில்லைங்கிறதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கெடையாது.

ஆனா உடனே உன் பையன் "பயறு சாதிதான, உரமே வேண்டாம்"னு சொல்லிருவான், அதுவும் சரியில்ல. தட்டைப்பயறு, அவரை இதெல்லாம் தன் தேவைய நல்லாவே பாத்துக்கும், இந்த பீன்ஸ் அந்த விஷயத்துல கொஞ்சம் சோம்பேறி, பயறு சாதிலயே கம்மியா தழைச்சத்து புடிக்கிற கூட்டத்துல ஒண்ணு. குளிர் அதிகமா இருந்தா இன்னும் கம்மியாகும். அதுவும் இல்லாம முளைச்சு முடிச்சு கட்டி வேலைய ஆரம்பிக்கவே ரெண்டு மூணு வாரம் ஆயிரும், செடி பீன்ஸ் அம்பது நாள் வாக்குல காய் பறிக்க வந்துரும், அப்ப அந்த மொதல் மூணு வாரத்துக்கு மண்ணுல கொஞ்சமாவது சாப்பாடு இருக்கணும். அத எரு குடுக்கலாம், மூட்டையும் குடுக்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம், இதுலதான் நெறையப் பேர் ஏமாந்து போறாங்க. யூரியா 45 கிலோ மூட்டை, அதுல 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது ஒரு மூட்டைக்கு 21 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நல்லா மக்குன தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம் வாக்குலதான் இருக்கும், ஒரு டன்னுக்கு 5 கிலோ. அப்ப ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு 4 டன் எரு, அதுலயும் மொதல் வருஷத்துல ஒரு பங்குதான் கரைஞ்சு செடிக்கு வரும், மிச்சம் அடுத்தடுத்த பட்டத்துக்கு. மூட்டை மானியத்துல 266 ரூவா 50 காசுக்குக் கெடைக்குது, 4 டன் எருவ தளிக்குக் கொண்டுவந்து எறக்கி பரப்புற கூலிய நீயே போட்டுப் பாரு. கணக்க இதோட நிறுத்துனா எரு தோத்துப் போச்சு. நெறைய விவசாயி இந்த எடத்துலதான் மூட்டைப் பக்கம் சாஞ்சுட்டான், அவனக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, மாடு இருந்த வீட்லயெல்லாம் இப்ப மாடு இல்ல, எரு வெலைக்கு வாங்க வேண்டிய பொருளாப் போச்சு.

ஆனா எரு குடுக்குறது தழைச்சத்து மட்டும் இல்லயே மாப்ள. போன மழை விட்டதும் ரெண்டு வரப்பையும் கையால கிளறிப் பாத்தேன், வருஷா வருஷம் எரு போட்ட மேல்வரப்புல மண்ணு புட்டு மாதிரி உதிருது, ஒரு பிடிக்கு ஒரு மண்புழு நெளியுது, கீழ எரு காணாத எடத்துல செம்மண்ணு மேல ஓடு கட்டிக்கிட்டு தண்ணி உள்ள எறங்காம வழிஞ்சு ஓடிருக்கு, ஓடுனதுல மேல்மண்ணும் போச்சு. பீன்ஸ் வேர் ஆழமாப் போகாது, மேல்மண்ணுதான் அதுக்கு எல்லாம். ஓடு கட்டுன மண்ணுல வெதை முட்டி மேல வரவே கஷ்டப்படும், வர்றப்பவே கழுத்து ஒடியும். அப்புறம் துத்தநாகம், போரான் மாதிரி சின்னச் சத்தெல்லாம் எருவுல கொஞ்சம் கொஞ்சம் வந்துரும், யூரியா டிஏபில அது எங்க வருது.

அதுக்காக எருன்னா எந்த எருவும்னு நெனச்சுராத. பச்சைச் சாணிய அப்படியே கொட்டுனா அதோட வெள்ளை வேர்ப்புழுவும் களை வெதையும் சேந்து வரும், பீன்ஸ் வேர அந்தப் புழு கடிச்சா செடி நின்ன எடத்துலயே வாடிரும். கோழி எரு சத்து அதிகம்தான், ஆனா மக்காம போட்டா சூடு, வெதை வெந்துரும். ஆட்டுக்கிடை போட, அதாவது ராத்திரில ஆட்டு மந்தைய நெலத்துல அடைக்க, ஆள் கெடைச்சா விடாத, அதுதான் ஏத்துக்கூலி எறக்குகூலி இல்லாத எரு. ஜீவாமிர்தம் பத்தி உன் பையன் சொல்றானே, 200 லிட்டர் தண்ணில சாணி 10 கிலோ, கூட கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண்ணு, நானும் விடுறேன், நல்லதுதான், ஆனா அதுல இருக்குற சத்த நம்பி ஒரு ஏக்கர் பீன்ஸ் நிக்காது, அது மண்ணுல உயிர் பெருகுறதுக்கு. அந்த உயிருக்குத் திங்க எரு, தழை, மண்ண மூடுற மூடாக்கு இருந்தாத்தான் அது வேலை செய்யும். நம்மாழ்வார் அய்யா சொன்னத கேட்டவங்க மூடாக்கையும் பலதானிய வெதைப்பையும் விட்டுட்டு கரைசல மட்டும் புடிச்சுக்கிட்டா எப்படி.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ்தான் பீன்ஸுல பெரிய விஷயம், இத யாரும் பேச மாட்டேங்குறாங்க. வேர் ஓட, முடிச்சு கட்ட, பூ புடிக்க எல்லாத்துக்கும் அது வேணும். எருவுல அது டன்னுக்கு 2 கிலோ வாக்குலதான் வரும், ஒரு டிஏபி மூட்டைல 23 கிலோ இருக்கு. எங்க மலை மண்ணு புளிப்பு மண்ணு, அதுல இரும்பும் அலுமினியமும் சேந்து மணிச்சத்தப் பூட்டி வச்சுக்கும், போட்டாலும் செடிக்குப் போய்ச் சேராது. அதனால நாங்க டோலமைட்டுன்னு ஒரு சுண்ணாம்புக்கல்லுப் பொடி போட்டு புளிப்பக் கொறைச்சிட்டுத்தான் மத்தது. அதப் போட்டா இன்னொரு லாபம், முடிச்சுல இருக்குற பாக்டீரியாவுக்கு வேண்டிய மாலிப்டினம்ங்கிற சின்னச் சத்து மண்ணுல இருந்து வெளிய வரும். முழுசா இயற்கைல போறவங்க பாறை பாஸ்பேட் போடுறாங்க, அது எங்க மாதிரி புளிப்பு மண்ணுல கரையும், உன் மண்ணு நடுநிலையா இருந்தா கரையவே கரையாது, காச மண்ணுல கொட்டுன மாதிரி ஆயிரும். அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி மண்ணு டெஸ்ட் எடுத்துரு.

எனக்குத் தெரிஞ்சு பீன்ஸுக்கு ரொம்பப் பொருத்தம் ஊட்டமேத்துன தொழு உரம்தான். நல்லா பொடியா மக்குன எருவோட சூப்பர் பாஸ்பேட்டுங்கிற மணிச்சத்து மூட்டை உரத்த கலந்து, லேசா ஈரம் வச்சு, மேல மண்ணு மெழுகி ஒரு மாசம் மூடி வச்சுரணும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க மானாவாரிப் பயறுக்கு ஹெக்டேருக்கு 750 கிலோன்னு சொல்றது இதத்தான். எருவுக்குள்ள இருக்குற மணிச்சத்த மண்ணு அவ்வளவு சீக்கிரம் பூட்டாது, வேருக்குப் பக்கத்துலயே இருக்கும். மூட்டையும் எருவும் ஒரே குவியல்ல கெடக்கும்போது இதுல எது எதுக்கு எதிரின்னு எனக்குத் தோணவே மாட்டேங்குது.

நான் சொல்றத நம்பலன்னா கோயம்புத்தூர்ல போய்ப் பாரு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல 1909-ல ஆரம்பிச்ச உரச் சோதனை இன்னும் நடக்குது, ஒரு பாத்திக்கு ஒண்ணும் கெடையாது, ஒண்ணுக்கு எரு, ஒண்ணுக்கு ரசாயனம்னு நூறு வருஷத்துக்கு மேல அதே பாத்தில அதேதான் போட்டுக்கிட்டு வர்றாங்க. இந்தியா முழுக்க இந்த மாதிரி நீண்ட நாள் சோதனைங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற சேதி என்னன்னா ரெண்டும் சேந்த பாத்திதான் வெளைச்சலையும் மண்ணையும் சேத்துக் காப்பாத்துது, யூரியா மட்டும் கண்ட பாத்தி நாளாக நாளாக எறங்குது. இன்னொரு பக்கம் இலங்கைல 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிய ஒரேயடியா நிறுத்துனாங்க, அவ்வளவு எரு நாட்டுல கெடையாது, நெல்லு தேயிலை ரெண்டும் அடி வாங்கி நவம்பர்ல தடைய எடுத்தாங்க. அங்க மலையகத்துல காய்கறி போட்ட நம்ம சனங்க பட்ட பாட்ட நெனச்சா இன்னும் வயிறு எரியுது. எருவுக்கு மாறுறது நல்ல காரியம், அத மண்ணுக்கு நேரம் குடுத்துத்தான் செய்யணும்.

உன் எடத்துல நான் இருந்தா இப்படித்தான் செய்வேன். மொதல்ல பீன்ஸ் போடவே மாட்டேன், பசுந்தாள் உரத்துக்கு சணப்பு இல்லன்னா தக்கைப்பூண்டு வெதைச்சு பூ வர்ற சமயம் மடக்கி உழுதுருவேன். அப்புறம் ஏக்கருக்கு 10 டன் மக்குன எரு, அது முடியலன்னா முடிஞ்ச வரைக்கும், மிச்சத்துக்கு வேப்பம்புண்ணாக்கு. வெதைய ரைசோபியத்துல கலக்கும்போது பீன்ஸுக்குன்னு இருக்குற ரகமான்னு கேட்டு வாங்கு, கடலைக்கு இருக்குறது இதுக்கு ஒத்து வராது, ஆறுன அரிசிக் கஞ்சில கொழச்சு வெதைல பெரட்டி நெழல்ல அரை மணி நேரம் காயவச்சு அன்னைக்கே வெதைச்சுரு. கடைல செவப்பு மருந்து தடவுன வெதை குடுப்பாங்க, அதுல நேரா கலந்தா பாக்டீரியா செத்துரும். டிஏபி போடத்தான் போறன்னா வெதை விழுற குழிலயே போடாத, பீன்ஸுக்கு உப்புன்னா ஆகாது, முளைப்பு அங்கங்க சொட்டை விழுந்துரும், நாலு வெரல் தள்ளி, வெதைக்குக் கீழ இருக்குற மாதிரி போட்டு மண்ணு மூடு. மூணாவது வாரத்துல செடியக் கெல்லிப் பாரு, முடிச்சு செவப்பா இருந்தா யூரியாப் பக்கமே போகாத, முடிச்சே இல்லாம எலை வெளிறிக் கெடந்தா மட்டும் கொஞ்சமா மேலுரம் குடு. அடுத்தடுத்த பட்டத்துல மண்ணு உதிர ஆரம்பிச்சதும் மூட்டையக் கொறைச்சுக்கிட்டே வா.

வெலையப் பத்தி கேட்டிருந்த. ஒட்டன்சத்திரம் மண்டில நான் பாத்த வரைக்கும் காய் பிஞ்சா, நேரா, பச்சையா இருக்கான்னுதான் பாக்குறாங்க, எருவுல வெளைஞ்சதுன்னு ஒரு ரூவா அதிகமாக் குடுத்தது கெடையாது. இயற்கைன்னு சொல்லி விக்கணும்னா அங்ககச் சான்று வேணும், காய்கறிக்கு ரெண்டு வருஷம் மாறுதல் காலம் இருக்கு, அந்த ரெண்டு வருஷமும் மூட்டை தொடக்கூடாது, வெலையும் சாதா வெலைதான் வரும். உன்கிட்ட பிஎஃப் பணம் இருக்கு, தாங்குவ, பையனுக்கு ஆசையும் இருக்கு, அதனால முழுசா மாட்டேன்னு சொல்லாத, ஒரு ஓரத்துல கால் ஏக்கர அவன் கைல குடு. அவனே எரு தயார் பண்ணட்டும், அவனே கணக்கு எழுதட்டும்.

தை கழிஞ்சதும் அம்மாவ செக்கப்புக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும், அது முடிஞ்சதும் ஓசூர் பஸ் ஏறி வந்துர்றேன், கொடி பீன்ஸ் வெதை கொஞ்சம் எடுத்துட்டு வர்றேன், கம்பு மட்டும் நீ வெட்டி வச்சுரு. மண்ணு டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் கார அமில நெலை, மணிச்சத்து, கரிமச்சத்து இந்த மூணு நம்பரையும் எனக்கு எழுதிப் போடு, டோலமைட் வேணுமா வேண்டாமான்னு அதப் பாத்துட்டுச் சொல்றேன்.

அன்புடன்,
உன் பண்ணைக்காட்டு மாப்ள