ஊதாவைப் பற்றி ஒரு வாக்குமூலம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிறு பார்த்தேன், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வாய் வரவில்லை. போன மாதம் மூன்று வாரம் தினமும் கனெக்‌ஷன்ஸ் சொற்புதிரை முடித்து அதன் வண்ணக் கட்டங்களை உனக்கு அனுப்பினேனே, ஒரு தப்பும் இல்லாமல் நாலே வரிசை, அதிலும் கஷ்டமான ஊதா முதல் வரிசையில், அது எதுவும் நான் போட்டதில்லை. இணையத்தில் அன்றன்றைக்கு விடைக்குறிப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்த்துப் போட்டது. நீ ஆபீஸில் எல்லாரிடமும் போனைக் காட்டி, எங்கள் அம்மா ரிட்டயர்டு தமிழ் டீச்சர், நியூயார்க் டைம்ஸ் கனெக்‌ஷன்ஸில் ஊதாவைத்தான் முதலில் முடிப்பார் என்று பெருமையடித்ததாகச் சொன்னாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீயே கண்டுபிடித்திருக்கலாம். அந்தந்த ஊர் நள்ளிரவுக்குத்தானே புதிர் மாறுகிறது. நான் காலை ஐந்து மணிக்குக் காபியோடு உட்காரும்போது உனக்கு நியூஜெர்சியில் முந்தின நாள் ராத்திரி ஏழரை, உன் போனில் அந்தப் புதிர் இன்னும் பிறக்கவே இல்லை. என் கட்டங்கள் எப்போதும் அந்த நேரத்துக்கு வந்துவிடும். அந்த மூன்று வாரம் மட்டும் மத்தியானம் வந்தன. குறிப்பு எழுதுகிறவர்கள் உங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள், அவர்கள் எழுதும்வரை நான் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கு இது கண்ணில் படவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வரிசையாக ஐந்து நாள் தோற்றேன், அவ்வளவுதான். பதினாறு சொல், ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ளதாக நாலு நாலாகப் பிரிக்க வேண்டும், நாலு தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது. நாலு கூட்டத்துக்கும் மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று கஷ்டம் ஏறிக்கொண்டே போகிறது. இங்கிலீஷ் எனக்கு வரும், அது பிரச்சினை இல்லை. அமெரிக்கா வராது. உங்கள் ஊர் தானியப் பெட்டியின் பெயர், டிவி தொடர், பந்தாட்டக் குழு, இதெல்லாம் அகராதியில் இல்லை. இந்தப் புதிர் முதன்முதலில் 2023 ஜூன் 12-ஆம் தேதி வந்ததே, அதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ரெய்ன், ஸ்னோ, ஹெயில், ஸ்லீட் என்று நாலு சொல் மழையும் பனியுமாகக் கிடக்கிறது, கூடவே ஹீட் என்று ஒன்று. வெயிலும் வானிலைதானே! திருநெல்வேலிக்காரியிடம் வந்து வெயிலை வானிலை இல்லை என்றால் எப்படி? கடைசியில் பார்த்தால் ஹீட் மயாமிக் கூடைப்பந்து அணியாம், பக்ஸ், ஜாஸ், நெட்ஸ் எல்லாம் அதன் பங்காளிகளாம். ஷிப்ட், டேப், ரிட்டர்ன் மூன்றையும் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின புண்ணியத்தில் பிடித்துவிட்டேன், நாலாவது சொல் ஆப்ஷன், அது ஆப்பிள் கம்ப்யூட்டரில் இருக்கிற விசையாம், அப்பாவுக்கும் தெரியவில்லை.

அதே புதிரில் மாம் என்று ஒரு சொல். அம்மா இருந்தால் அப்பா, பிள்ளை யாராவது பக்கத்தில் இருப்பார்கள் என்று வெகுநேரம் தேடினேன். யாரும் இல்லை. லெவல், கயாக், ரேஸ்கார். திருப்பிப் படித்தாலும் அதே சொல்! வகுப்பில் எத்தனை வருஷம் விகடகவி, விகடகவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்கே தோன்றவில்லை. அன்றைக்குத்தான் குறிப்புப் பக்கத்தை மூடினேன். நான் சறுக்கின இடம் இங்கிலீஷும் இல்லை அமெரிக்காவும் இல்லை, சொல்லை நான் பார்த்த விதம்.

சூடாமணி நிகண்டு உனக்கு நினைவிருக்கிறதா, மச்சு அலமாரியில் அட்டை கிழிந்து கிடக்குமே, அதைத் தேடி எடுத்தேன். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் பண்ண வைத்த சொற்பொருள் புத்தகம். மொத்தம் பன்னிரண்டு தொகுதி. பதினொன்றாம் தொகுதி ஒரே சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. மா என்றால் மரம், மா என்றால் விலங்கு, அந்த மாதிரி. பன்னிரண்டாவது, பல பெயர்களைக் கூட்டி ஒரு பெயருக்குள் அடக்குவது, யானை தேர் குதிரை காலாள் எல்லாம் நாற்படை என்கிற மாதிரி. தம்பி, உங்கள் ஊர்ப் புதிர் பன்னிரண்டாம் தொகுதி வேஷம் போட்டு வருகிறது, ஆனால் ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் பதினொன்றாம் தொகுதி. இது புரிந்த பிறகு, நாலு சொல் சேர்ந்தமாதிரி தெரிந்தாலும் உடனே தொடுவதில்லை, ஐந்தாவது ஒன்று நிற்கிறதா என்று பார்க்கிறேன். நின்றால் ஐந்தில் ஒருத்தி வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவள் எந்த வீடு என்று தெரிந்தால்தான் மற்ற நாலு பேரையும் நம்பலாம். மிச்சம் கிடக்கிற ஒட்டாத சொற்களைப் பொருளாகப் பார்ப்பதை விட்டு எழுத்தாகப் பார்க்கிறேன், தலையை வெட்டி, வாலை வெட்டி, முன்னால் ஒரு சொல்லை ஒட்டி. ஊதா பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதற்காக நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. இந்த வாரம் மூன்று தோல்வி. நேற்று ஒரே ஒரு சொல்தான் பிசகு என்று அது மூன்று தடவை சொல்லியும் நான் தப்பான சொல்லையே மாற்றிக்கொண்டிருந்தேன், அப்பா பின்னால் நின்று சிரித்தார். இனிமேல் அந்தக் கட்டங்கள்தான் வரும், ஐந்து மணிக்கே வரும். பார்த்துவிட்டு 'பரவாயில்லம்மா' என்று எழுதாதே. அந்த பேஸ்பால் சொற்களை மட்டும் ஒரு ஞாயிறு உட்கார்ந்து சொல்லிக் கொடு. ஆபீஸில் யாரிடம் என்ன சொல்வது என்று நீயே பார்த்துக்கொள், நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

அப்புறம், உனக்கு நான் ஒன்று கோத்திருக்கிறேன். இரண்டு நாள் பிடித்தது, தினம் ஒன்று கோக்கிறவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அதே விதி, நாலு தப்புதான். இதில் ஒரு சொல் நான் இலங்கை வானொலி கேட்டுப் பழகினது, முழிக்காதே.

குறிஞ்சி, கைரேகை, சித்தி, கனகாம்பரம், நெய்தல், தாத்தா, பிச்சி, மதினி, திகதி, முல்லை, அத்தை, பாலை, குடகு, செவ்வந்தி, மருதம், கொழுந்தன்.

அக்காவுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன், அவள் போட்டுவிட்டாள். அவளிடம் கேட்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா