மஞ்சள் துணியில் முடிந்த காசு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அம்மா தேறிவிட்டாள். வாசல்வரை கம்பு இல்லாமல் நடக்கிறாள். உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் தினமும் சண்டை.

அப்புறம், கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "கடவுள் இருக்கிறார் என்று உனக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று. விடுதி மொட்டைமாடியில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு 'தெரியும்' என்று கத்தினேன். இன்றைக்குக் கேட்டால், தெரியாது. ஆனால் நம்புகிறேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின ராத்திரி, அம்மா சொன்னாள் என்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, சாஸ்தாவை நினைத்து முடிந்தேன். கை நடுக்கத்தில் முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. உறுதியாகத் தெரிந்தவனுக்குக் கை நடுங்குமா? துணியைக் கிழித்துக் கொடுத்தது பக்கத்துக் கட்டில் பெரியவரின் மனைவி. அவரும் அதே துணியில் ஒரு காசு முடிந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். என் அம்மா வீடு திரும்பினாள். அந்தப் பெரியவர் திரும்பவில்லை. அம்மா பிழைத்ததைச் சாஸ்தா இருப்பதற்குச் சாட்சியாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் அவர் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நீ கை வைப்பாய். முப்பது வருஷப் பழக்கம். அந்த வேலைக்கு அது சரி. நம்பிக்கைக்கு அப்படி ஒரு டெஸ்டர் என்னிடம் இல்லை. தொல்காப்பிய உரியியலில் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்று ஒரு சூத்திரம் படித்தோமே, நினைவிருக்கிறதா? நம்புதல் என்றால் விரும்புதல் என்பதுதான் பழைய பொருள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, அந்த முடிச்சைப் போடும்போதுதான் எனக்குப் புரிந்தது. சாஸ்தாவைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் தெரியாது. அவர் பக்கம் மனசு சாய்கிறது, அவ்வளவுதான்.

மதர் தெரசா 1997-ல் இறந்தார். 2007-ல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. கடவுள் தன்னோடு இருப்பதாகவே உணர முடியவில்லை, உள்ளே இருட்டாக இருக்கிறது என்று வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். அதை வேஷம் என்று நீ சொல்லக்கூடும். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அந்த இருட்டிலும் ஜெபத்தை விடவில்லை, நோயாளிகளை விடவில்லை.

உன் 'இல்லை'யையும் ஒருதரம் எடுத்துப் பார். அது உனக்குத் தெரிந்ததா, நீ நம்புவதா? கோபப்படாமல் எழுது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். முடிந்த காசை உண்டியலில் போட வேண்டும். அந்தப் பெரியவரின் ஊர் போகிற வழியில்தான். முதலில் அங்கே இறங்கி அவர் மனைவியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாள் அம்மா. நீயும் வா. நீ கும்பிட வேண்டாம், அம்மாவைக் கைபிடித்துப் படியேற்றினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்