நாருக்கும் மூச்சு வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். தாவர நாரைக் கட்டடங்களுக்கு வெப்பக் காப்பாக வைப்பது பற்றிய கட்டுரை படித்தேன். தெர்மாகோலைவிட நார் கொஞ்சம் மட்டம்தான் என்று முடித்துவிட்டீர்கள். வெப்பம் கடத்தும் எண்ணை (குறையக் குறைய நல்லது) மட்டும் பார்த்தால் அது சரி. மரநார், ஆளிநார் அட்டைகளுக்கு அது 0.04ஐ ஒட்டி வரும், தெர்மாகோலுக்கு 0.035 பக்கம். ஆனால் கோடையில் கூரைக்கு நேர் கீழே படுப்பவருக்கு, சூடு எவ்வளவு நேரம் கழித்து உள்ளே இறங்குகிறது என்பதும் முக்கியம். தெர்மாகோலில் எடையே இல்லை. மரநார் அட்டையில் கன மீட்டருக்கு 150 கிலோ கனமுள்ளவையும் உண்டு. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றவே சுமார் 2,000 ஜூல் பிடிக்கும். நண்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே காற்று குளிர்ந்த பிறகுதான் மெல்ல விடும். அப்போது ஜன்னலைத் திறந்துகொள்ளலாம்.

கட்டுரை தொடாமல் விட்டது ஈரம். நான் கட்டட மேற்பார்வை பார்ப்பவன். ஒரு வேலையில், நார் அட்டை நனைந்துவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாளைப் போட்டுப் பொதிந்தார்கள். நானும் தலையாட்டினேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பலகையைக் கழற்றினால் கரும்பூசணம், மக்கிய வைக்கோல் வாடை. விரலால் தொட்ட இடம் பிய்ந்து வந்தது. பழி நார்மேல் விழுந்தது. ஆவியை வாங்குவதும் திரும்ப விடுவதும் நாரின் குணம். விட வழியில்லாமல் அடைத்தது நாங்கள். ஆவியை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சாக இருந்திருந்தால் காய்ந்திருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1928இல் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசிக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

தீப்பிடிக்காதா என்றால், பிடிக்கும். அதற்குத்தான் போரான் உப்பு சேர்ப்பது. பூச்சிக்கும் அதுவே மருந்து. பழைய செய்தித்தாளை அரைத்து இந்த உப்பைக் கலந்தால் செல்லுலோஸ் காப்பு, ஆக உங்கள் இதழும் ஒருநாள் யார் வீட்டுச் சுவருக்குள்ளாவது போகலாம். 'முழுக்க இயற்கை' என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நார் மெத்தைகள் பலவற்றில் இழைகளைப் பிடித்து நிறுத்தப் பாலியெஸ்டர் கலந்திருக்கும்.

அடுத்த முறை ஒப்பீட்டு அட்டவணை போடும்போது எடைக்கு ஒரு கட்டம், ஈரத்துக்கு ஒரு கட்டம் சேருங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்